ஃபீல்டு போஸ்டிங்: வீட்டில் இருப்பவர்கள் தாக்குப்பிடிப்பது எப்படி

ராணுவக்காரர் குடும்பம் என்றால் ரயில்வே பிளாட்ஃபாரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையசைப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ரயில் கிளம்பும் அந்த நேரம் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததே இல்லை. அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் படுத்திவிடும். ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை வரும். கேஸ் சிலிண்டர் புக் செய்யவில்லை என்பதில் தொடங்கி, கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பது வரைக்கும் போய் நிற்கும். என் கணவர் பெட்டி அடுக்க ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். இன்னும் நாலு நாள் இருக்கும்போதே ‘சீக்கிரம் கிளம்பினால் தேவலை’ என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காக ராத்திரி அழுகையும் வரும்.

குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு பாபி (இந்தியில் அண்ணி, அப்படித்தான் கூப்பிடுவோம்) உளவியல் படித்தவர். ஒரு தடவை அவரிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதுக்குப் பெரிய ஆராய்ச்சியே இருக்கு” என்றார். அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்களை வைத்து கேத்லீன் வெஸ்டல் லோகன் என்பவர் 1987-ல் எழுதிய கட்டுரை அது. கணவர் பணிக்காகப் பிரிந்துபோய்த் திரும்பும் காலத்தை அவர் ஏழு கட்டமாகப் பிரிக்கிறார். இரண்டாவது கட்டமே கிளம்புவதற்கு முன்னால் வரும் இந்த விலகல்தான். பிரிவை மனம் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறதாம். எல்லாக் குடும்பமும் அச்சடித்ததுபோல ஏழையும் வரிசையாகக் கடப்பதில்லை என்றும் பாபி சொன்னார். இருந்தாலும் அந்தச் சண்டைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பாதி ஆறுதல். அதிலிருந்து கடைசி வாரத்துச் சண்டைகளை நாங்கள் இருவருமே கணக்கில் வைப்பதில்லை.

என் கணவர் தரைப்படையில் ஹவில்தார். கொஞ்ச வருஷம் பீஸ் (குடும்பத்தோடு இருக்கக்கூடிய ஊர்), கொஞ்ச வருஷம் ஃபீல்டு (எல்லைப் பக்கம்போல, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடம்) என்று மாறி மாறித்தான் எங்கள் வாழ்க்கை. பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் சேர்ந்து இருப்போம். ஃபீல்டு என்றால் நானும் குழந்தைகளும் ஊருக்குப் போய் மாமியாரோடு இருப்போம், இல்லாவிட்டால் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ், அதாவது பிரிந்திருக்கும் குடும்பங்களுக்குத் தரும் வீடு. இதே நிலையில் புதிதாக வந்து நிற்கும் பெண்கள் என்னிடம் கேட்பவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களுக்கு முதலில் நான் சொல்வது காகித வேலை. மனதைப் பற்றிக் கேட்டால் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறாளே என்று நினைப்பார்கள். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு முழித்துக்கொண்டு கிடப்பதற்குப் பாதிக் காரணம் பணம், கையெழுத்து, ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கேட்பது என்கிற கலக்கம்தான். கல்யாணமும் குழந்தை பிறந்ததும் பார்ட் டூ ஆர்டரில், அதாவது இந்த விவரங்களைப் பதிவு செய்யும் ராணுவ உத்தரவில், ஏறியிருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். அது ஏறாதவரை ரெக்கார்டு ஆபீஸ் பதிவில் நீங்களும் குழந்தையும் கிடையாது. குரூப் இன்ஷூரன்ஸ், பி.எஃப்., சம்பளக் கணக்கு மூன்றிலும் நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பலருக்கு அம்மா பெயரே இருக்கும். மாற்றுவதில் தப்பில்லை, மாமியாரிடம் சொல்லிவிட்டு மாற்றினால் பின்னால் மனக்கசப்பும் வராது. வீடு, நிலம் விஷயம் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் லீவில் இருக்கும்போதே பவர் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பீரோவின் உள்கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட்டின் முழுப்பெயர், ஏ.பி.ஓ. (ராணுவத் தபால்) விலாசம், ரியர் பார்ட்டியில் இருக்கும் ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி) சாஹிப்பின் போன் நம்பர், ரெக்கார்டு ஆபீஸ் விலாசம், எங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் போன், எல்லாம் அவர் கையெழுத்திலேயே. யூனிட் ஃபீல்டுக்குப் போனாலும் பின்னால் கொஞ்சம் பேர் தங்குவார்கள், அதுதான் ரியர் பார்ட்டி. கணவரின் போன் கிடைக்காதபோது நாம் கூப்பிட வேண்டிய இடம் அது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் புருஷனின் ஆர்மி நம்பர் தெரியாத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ‘மெட்ராஸ்ல இருக்கார்’ என்பார்கள், மெட்ராஸ் ரெஜிமென்டைத்தான் சொல்கிறார்கள். எந்த பட்டாலியன் என்று கேட்டால் முழிப்பார்கள். அந்த நம்பர் இல்லாமல் எந்த ஆபீஸிலும் ஒரு வேலையும் நகராது.

பேசவேண்டிய இன்னொரு விஷயம் போன். தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. மலை மேல் போஸ்டில் டவர் கிடைக்காது. கிடைத்தாலும் டியூட்டி மாறும். எட்டு மணிக்கு வராத ஒரு போன் போதும், எட்டரைக்குள் மனம் எங்கெங்கோ போய்விடும். நாங்கள் பேசி வைத்திருப்பது இதுதான்: போன் வரவில்லை என்றால் டவர் இல்லை என்று அர்த்தம். வேறு எதுவும் அர்த்தமில்லை. போஸ்டுக்கு ஏறும் முன் முடிந்தால் ‘கொஞ்ச நாள் பேச முடியாது’ என்று ஒரு வரி அனுப்பிவிடுவார். எங்கே, எத்தனை நாள், கூட யார் என்று நான் கேட்பதில்லை. அவர் எந்த ரயிலில் வருகிறார் என்பதைக்கூட ஸ்டேட்டஸில் போடுவதில்லை. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களைப் போனிலிருந்து நீக்கச் சொல்லித் தரைப்படையில் உத்தரவு வந்தது. உத்தரவு அவர்களுக்குத்தான் என்றாலும் வீட்டில் இருப்பவர்கள் வாயும் கையும் அடங்காவிட்டால் அதில் என்ன பயன்?

அந்த ஜூலைக்கு முந்தைய மாதத்தை மறக்க முடியாது. 2020 ஜூன் 16, செவ்வாய்க்கிழமை. அவர் அப்போது லடாக் பக்கம். கல்வானில் முந்தின ராத்திரி சீனப் படையோடு மோதல் என்று மதியம் செய்தி வந்தது. இறந்தது ஓர் அதிகாரி, இரண்டு வீரர்கள் என்றார்கள். அந்த வீரர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அது தெரிந்ததும் தெருவில் இருப்பவர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். “உன் வீட்டுக்காரர் எங்க இருக்கார்?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ராத்திரி அந்த மூன்று இருபதாகிவிட்டது. அவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அன்றைக்கு உதவியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மாமியார். டிவி ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார். இன்னொருவர் ரியர் பார்ட்டி சாஹிப். எங்கள் யூனிட் ஆட்கள் எல்லோரும் பத்திரம் என்று இரண்டே வார்த்தையில் சொன்னார். வாசலுக்கு வந்தவர்களும் அக்கறையில்தான் வந்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் ‘தைரியமா இரும்மா’ என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, தைரியமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்துகொண்டது. எதிர்வீட்டு அக்கா மட்டும் ஒன்றும் கேட்காமல் குழந்தைகளைத் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டார். ராணுவக் குடும்பம் ஒன்று உங்கள் தெருவில் இருந்தால் அந்த அக்கா செய்ததைச் செய்யுங்கள்.

2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் எனக்கு டிவியை மூடிவைக்கும் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. மே 7-லிருந்து 10-ம் தேதி சண்டைநிறுத்தம் வரை டிவியில் வந்ததில் எது நிஜம், எது கதை என்று யாருக்கும் தெரியவில்லை. கராச்சித் துறைமுகத்தையே தாக்கிவிட்டதாக ஒரு ராத்திரி முழுக்க ஓட்டினார்கள், அது பொய். ஜம்மு, பஞ்சாப் பக்கம் குவார்ட்டர்ஸில் இருந்த தோழிகள் பிளாக்அவுட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். என் வழி இதுதான்: காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, பாதுகாப்புத் துறை அதிகாரிகள் பேசும் செய்தியாளர் சந்திப்பு மட்டும். மிச்ச நேரம் டிவி கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு வந்தால் திறக்காமலே அழிப்பது. கெட்ட செய்தி என்றால் அதைக் குடும்பத்துக்குச் சொல்ல யூனிட்டில் ஆள் இருக்கிறார்கள். டிவிக்காரன் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த மாதிரி நாட்களில் வரும் வேதனைக்கு ஒரு விளக்கம் உண்டு. வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்த பாலின் பாஸ் என்ற பேராசிரியர், ஆள் கண்முன் இல்லாமல் மனதில் மட்டும் இருக்கும் நிலையைத் தெளிவில்லாத இழப்பு என்கிறார். துக்கப்படவும் முடியாது, நிம்மதியாகவும் இருக்க முடியாது. எங்கள் நிலை அந்தக் குடும்பங்களின் நிலையோடு ஒப்பிடக்கூடியதில்லை. ஆனாலும் போன் வராத வாரங்களில் அதன் சின்ன அளவு ஒன்று எங்களுக்கும் கிடைக்கிறது. அந்த நேரத்தில் ‘எப்படியும் நல்லபடியா வந்துடுவார்’ என்று நம்பச் சொல்வதைவிட, தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு அன்றைய சமையல், அன்றைய ஹோம்வொர்க் என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவது எனக்கு ஒத்துவருகிறது.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். என் மகனுக்கு ஐந்து வயது இருக்கும்போது அவன் அப்பா கிளம்பினார். அழவே இல்லை. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஒரு வாரம் கழித்துப் படுக்கையில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தான். ஸ்கூலில் பென்சிலைக் கடித்துக் கடித்து மரச் சிராய் உதட்டில் குத்தியிருந்தது. டீச்சரிடம் போய் அப்பா ஃபீல்டுக்குப் போயிருக்கிறார் என்று சொன்ன பிறகுதான் அவர் அதட்டுவதை நிறுத்தினார். சிவில் பள்ளிக்கூடங்களில் இதை நாம் சொன்னால் ஒழியத் தெரியாது. வருஷ ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மூத்தவளுக்கு வேறு பிரச்சினை. அவள் என் முன்னால் அழக் கூடாது என்று தானே முடிவு செய்துகொண்டாள். வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் ‘அப்பா வரவரைக்கும் அம்மாவை நீதான் பாத்துக்கணும்’ என்று தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். பையன்களிடம் ‘இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை’ என்பார்கள். தயவுசெய்து யாரும் இதைச் சொல்லாதீர்கள், சொன்னால் அங்கேயே தடுத்துவிடுங்கள். எட்டு வயதுக் குழந்தை தூக்குகிற சுமையா அது? “உன்னைப் பாத்துக்க நான் இருக்கேன், நீ ஹோம்வொர்க் மட்டும் பாரு” என்று அவளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

கிளம்புவதற்கு முன் அவர் கதை சொல்லிப் பதிவு செய்துவைப்பது எங்கள் வீட்டில் நன்றாகப் பலித்தது. பெரிய கதையெல்லாம் இல்லை. யூனிட் நாய் பிஸ்கட் திருடின கதை, பரேடில் தொப்பி விழுந்த கதை. நடுவில் இருமுவார், அடுத்து என்ன என்று மறந்துபோய் யோசிப்பார். பிள்ளைகளுக்கு அந்த இருமல் வரும் இடம்தான் பிடிக்கும். ‘அப்பா எப்போ வருவார்’ என்று கேட்டால் தேதி சொல்வதில்லை. லீவு தள்ளிப்போவது சகஜம். ‘மழைக்காலம் முடிஞ்சு’ என்பதுபோல் சொல்லிவைத்தால் ஏமாற்றம் குறைவு.

இனி உதவி எங்கே கிடைக்கும் என்பது. குவார்ட்டர்ஸில் இருந்தால் ஆவா, அதாவது ராணுவ மனைவியர் நலச் சங்கம், 1966-லிருந்து இருக்கிறது. மாதாந்திர வெல்ஃபேர் மீட்டுக்குப் போனால் ஆட்கள் பழக்கமாவார்கள். ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், அங்கே கணவர்களின் ரேங்க் மனைவிகள் மேலும் உட்கார்ந்திருக்கும். ஆபீசர் மேடம் எதிரில் ஒரு சிப்பாய் மனைவி எழுந்து ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்று சொல்லமாட்டாள். மீட் முடிந்து டீ குடிக்கும்போது இரண்டு பேர் ஓரமாக நின்று பேசுவார்களே, எனக்கு உண்மையான ஆதரவு அங்கேதான் கிடைத்தது. இந்தி தெரியாவிட்டாலும் போங்கள். அரைகுறை இந்தியில் எனக்குக் கிடைத்த தோழிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு டெலி மானஸ். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ம் தேதி, உலக மனநல நாளில் தொடங்கியது இது. முப்படையினருக்கும் குடும்பத்தினருக்கும் தனிப் பிரிவு ஒன்றை 2023 டிசம்பரில் புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் திறந்தார்கள். ‘பைத்தியம்னு நினைப்பாங்களே’, ‘அவர் வேலைக்குப் பிரச்சினை வருமோ’ என்று தயங்குபவர்கள்தான் அதிகம். நானும் தயங்கித்தான் கூப்பிட்டேன். பேசிய பெண் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி, அப்புறம் சாப்பாடு, அப்புறம் வீட்டில் கூட யார் என்று. அவசரமே காட்டவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை என்றால் ராணுவ மருத்துவமனையிலோ (எம்.எச்.) அரசு மருத்துவமனையிலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம், அப்போதே 14416-க்குக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

எல்லா மன உளைச்சலுக்கும் ஆலோசனை மருந்தாகாது என்பதையும் சொல்ல வேண்டும். என் தோழி ஒருத்தி மாதக்கணக்கில் தூங்காமல் கிடந்ததற்குக் காரணம், கணவர் எல்லையில் இருந்த நேரம் பார்த்து நிலத்து வரப்பைத் தள்ளிப்போட்ட பங்காளி. அவளுக்குத் தேவை வக்கீல். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்ற பெயரைப் பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என்று ஒதுங்கிவிடாதீர்கள், பணியில் இருப்பவர் குடும்பத்தின் குறைகளையும் அங்கே கொண்டுபோகலாம். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி, அதற்கான மையங்கள் இந்த மாதிரி நல அலுவலகங்களிலேயே. யாரிடம் போவது என்று தெரிந்ததுமே பாதித் தூக்கம் வந்துவிடும்.

பெற்றோரை யாரும் நினைப்பதே இல்லை. என் மாமியார் மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசுவார். போன் வந்த அன்றைக்கு வலி இருக்காது. இதைக் கவனித்த பிறகு, போன் வந்தால் முதல் ஐந்து நிமிடம் அத்தைக்கு என்று வைத்துவிட்டோம். மாமியார் மருமகள் சண்டை பாதி அதிலேயே குறைந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இப்போது, யாரும் எச்சரிக்காத பகுதி: அவர் திரும்பி வருவது. ஒரு ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. எப்போது கிடைக்கும் என்பது யூனிட் நிலைமையைப் பொறுத்தது. அந்த நாட்களுக்காக ஏங்கிக் காத்திருந்துவிட்டு, வந்த மூன்றாம் நாளே ஏன் சண்டை? ஏனென்றால் வீடு அவர் இல்லாமல் ஓடக் கற்றுக்கொண்டுவிட்டது. அலமாரியில் டப்பா இடம் மாறியிருக்கும். மகளுக்கு எட்டு மணி வரை டிவி என்று நான் வைத்த விதி அவருக்குத் தெரியாது. அவர் ‘படு’ என்பார், அவள் என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வை அவரைக் குத்தும். சின்னவன் முதல் இரண்டு நாள் கிட்டேயே போகமாட்டான். லோகன் சொன்ன ஏழில் கடைசி இரண்டு கட்டமும் வீடு திரும்பிய பிறகு வருபவைதான்.

எங்கள் ஏற்பாடு, முதல் நாலு நாள் விருந்து, கோயில், சொந்தக்காரர் வீடு எதுவும் கிடையாது. உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். அவர் தூங்குவார், நிறையத் தூங்குவார். பிள்ளைகள் விதியை முதல் வாரம் அவர் மாற்றக் கூடாது. அங்கே என்ன நடந்தது என்று நான் தோண்டுவதில்லை. பைக்கில் போகும்போது, என் முகத்தைப் பார்க்க வேண்டாத அந்த நேரத்தில், அவராகவே கொஞ்சம் சொல்வார்.

பட்டாசுச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, கதவைப் பார்த்த மாதிரி உட்காருவது, கூட்டத்தில் எரிச்சல், இவை ஆரம்பத்தில் இருக்கும், பெரும்பாலும் தானாகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது, யாரோடும் ஒட்டாமல் இருப்பது தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. குடி கூடிக்கொண்டே போனாலும் அப்படித்தான். கேன்டீன் ரம் என்பதால் அது மருந்தாகிவிடாது. ‘நீங்க சரியில்லை’ என்று ஆரம்பித்தால் எந்த ஜவானும் கேட்கமாட்டார். “நீங்க தூங்கமாட்டேங்கறீங்க, எனக்குப் பயமா இருக்கு, ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவோம்” என்று தூக்கத்தை முன்னால் வைத்துப் பேசினால் வருவார்கள். உடம்பு சம்பந்தப்பட்டது என்றால் அவர்களுக்குக் கூச்சம் குறைவு.

லீவு முடியும் தேதியைப் பிள்ளைகளிடம் மறைத்து, விடிகாலையில் அவர்கள் தூங்கும்போது கிளம்பிப் போவது எங்கள் பக்கத்தில் பழக்கமாக இருந்தது. அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் அப்படிச் செய்வார்கள். அதைச் செய்யாதீர்கள். காலையில் எழுந்து தேடிய குழந்தை அதற்கப்புறம் ராத்திரி கண்ணை மூடவே பயப்படும். நாலைந்து நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், பெட்டி அடுக்கும்போது ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் டிரங்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அப்பா கையில் கொடுப்பது சின்னவன் பொறுப்பு.